சொந்தக் கட்சி வேட்பாளரைத் தொண்டர்களே விரட்ட முடியுமா? 2009 நியூயார்க் கதை ஒன்று புரியவில்லை

பெருங்குடி நைட்ஷிப்ட் எழுதியது:

வணக்கம் மக்களே. நான் பெருங்குடியில் ஒரு டிரான்ஸ்கிரிப்ஷன் கம்பெனியில் இரவு ஷிப்ட் வேலை பார்க்கிறேன். போன வாரம் முழுக்க எனக்கு வந்து விழுந்தது பழைய அமெரிக்க ரேடியோ பேச்சு நிகழ்ச்சிகள், எல்லாம் 2009 அக்டோபர் மாதத்தவை. ராத்திரி மூன்று மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாட்டர்டவுன், பிளாட்ஸ்பர்க் என்று வாயில் நுழையாத ஊர்ப்பெயர்களாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதில் ஒருவர் ஒரு பெண் வேட்பாளரை மூச்சுக்கு மூச்சு "ரைனோ, ரைனோ" என்று திட்டுகிறார். ஆளின் உருவத்தைக் கிண்டல் செய்கிறார் போலிருக்கிறது, என்ன நாகரிகமோ என்று நினைத்து நடுவில் எச் எழுத்தைப் போட்டு காண்டாமிருகமாகவே அடித்து அனுப்பிவிட்டேன், பதினான்கு இடத்தில். மறுநாள் தரம் பார்க்கிற அக்கா கூப்பிட்டு, "தம்பி, இது மிருகம் இல்லை, பெயரளவில் மட்டும் ரிபப்ளிகன் என்பதன் சுருக்கம்" என்று சொல்லி மொத்தத்தையும் திருத்தச் சொன்னார்.

சரி, திருத்தியாச்சு. ஆனால் விஷயம் மண்டையைக் குடைகிறது. அந்தப் பெண்மணி ரிபப்ளிகன் கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளர். திட்டுகிறவர்களும் ரிபப்ளிகன்கள்தான். தேர்தலுக்கு மூன்று நாள் இருக்கும்போது அவர் ஒதுங்கிக்கொள்கிறார், கடைசியில் எதிர்க்கட்சிக்காரர் ஜெயிக்கிறார். இதில் தொண்டர்களுக்கு என்ன லாபம்? கட்சித் தலைமை எப்படிச் சும்மா இருந்தது? நம்ம ஊரில் இப்படி நடக்க வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள், கூகுளில் தேடினால் ஆயிரம் பெயர் வருகிறது, தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை.

---

சிரக்யூஸ் ரிட்டர்ன் எழுதியது:

நான் அப்போது பக்கத்துத் தொகுதியில், சிரக்யூஸில் குடியிருந்தேன் (இப்போது வேளச்சேரி, பனிக்குப் பதில் வெள்ளம்). அந்த அக்டோபரில் டிவியைப் போட்டால் கார் விளம்பரத்துக்கும் இவர்கள் விளம்பரத்துக்கும்தான் போட்டி.

கதை இதுதான். நியூயார்க் மாநிலத்தின் வடக்கு மூலையில் கனடா எல்லையை ஒட்டிய பெரிய தொகுதி, எண் 23. அதன் பல பகுதிகள் நூறு வருஷத்துக்கும் மேலாக ரிபப்ளிகன் கையில் இருந்தவை. எம்பியாக இருந்த ஜான் மெக்ஹ்யூவை ஒபாமா ராணுவத் துறைச் செயலாளராக எடுத்துக்கொண்டார். இடைத்தேர்தல் வந்தது. இங்கேதான் முதல் முடிச்சு. நியூயார்க்கில் இப்படிப்பட்ட இடைத்தேர்தலுக்குப் பிரைமரி, அதாவது கட்சி வேட்பாளரை வாக்காளர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தல், கிடையாது. தொகுதியில் இருந்த 11 கவுன்ட்டிகளின் (நம்ம மாவட்டம் மாதிரி) கட்சித் தலைவர்கள் உட்கார்ந்து பேசி, ஜூலையில் டீடி ஸ்கோசாஃபாவா என்பவரை வேட்பாளர் ஆக்கினார்கள். மாநிலச் சட்டமன்ற உறுப்பினர், உள்ளூரில் நல்ல பெயர். ஆனால் கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பவர், ஒரே பாலினத் திருமணத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டவர். அந்த வருஷம் பிப்ரவரியிலிருந்தே டீ பார்ட்டி என்கிற தீவிர வலதுசாரித் தொண்டர் இயக்கத்தின் கூட்டங்கள் நாடு முழுக்கச் சூடுபிடித்துக்கொண்டிருந்தன. அந்தக் கூட்டத்துக்குப் போய்வந்த ரிபப்ளிகன் வாக்காளரிடம் இந்தப் பெயரைக் கொடுத்தால் என்ன ஆகும்?

இரண்டாவது முடிச்சு, நியூயார்க்கில் கன்சர்வேட்டிவ் பார்ட்டி என்று 1962இலிருந்தே தனிக்கட்சி ஒன்று இருக்கிறது. அந்த மாநிலச் சட்டப்படி ஒரே ஆள் இரண்டு மூன்று கட்சிகளின் வரிசையில் ஓட்டுச்சீட்டில் வரலாம், எல்லா ஓட்டும் சேர்த்து எண்ணப்படும். வழக்கமாக இவர்கள் ரிபப்ளிகன் வேட்பாளரையே தங்கள் வரிசையிலும் போட்டுக்கொள்வார்கள். இந்தத் தடவை மாட்டோம் என்று சொல்லி, டக் ஹாஃப்மன் என்கிற கணக்காளரை நிறுத்தினார்கள். அவரும் அந்த 11 பேரிடம் சீட் கேட்டுக் கிடைக்காதவர்தான். ஆக, கோபம் வந்தவர்களுக்கு வேறு கட்சிக்கு ஓட வேண்டிய அவசியமே இல்லை, அதே ஓட்டுச்சீட்டில் அடுத்த வரிசைக்கு நகர்ந்தால் போதும்.

அப்புறம் நடந்ததெல்லாம் மளமளவென்று. ரிபப்ளிகன் கட்சியின் பழைய சபாநாயகர் நியூட் கிங்ரிச் ஸ்கோசாஃபாவா பக்கம் நின்றார், 2008இல் அதே கட்சியின் துணை அதிபர் வேட்பாளராக இருந்த சாரா பேலின் ஃபேஸ்புக்கில் ஹாஃப்மன்தான் என்று எழுதினார். கட்சியின் நாடாளுமன்றத் தேர்தல் குழு அதிகாரபூர்வ வேட்பாளருக்காகச் சுமார் 9 லட்சம் டாலர் கொட்டியது, ஆக தலைமை சும்மா இல்லை, காசும் கொடுத்துப் பார்த்தது. அக்டோபர் 31 அன்று ஸ்கோசாஃபாவா பிரசாரத்தை நிறுத்தினார், மறுநாளே ஜனநாயகக் கட்சியின் பில் ஓவன்ஸுக்கு ஆதரவு என்று அறிவித்தார். எங்கள் ஆபீசில் ஒரு கிழவர் அன்றைக்கு காபி குடிக்காமல் நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது, கோபத்தில் கோப்பையை நிரப்பிவிட்டு மறந்துவிட்டார். நவம்பர் 3 தேர்தல். ஓவன்ஸ் சுமார் 3,500 ஓட்டில் ஜெயித்தார். ஒதுங்கிவிட்ட ஸ்கோசாஃபாவாவின் பெயர் சீட்டில் அப்படியே இருந்ததால் அவருக்கு எட்டாயிரத்துக்கு மேல் விழுந்தது. கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்களே, அந்தக் கட்சியின் சின்னமும் யானைதான்.

---

கணக்குப்பிள்ளை 64 எழுதியது:

சிரக்யூஸ் சார் எழுதியது நன்றாக இருக்கிறது, ஆனால் "தொண்டர் எழுச்சி" என்பதை அப்படியே விழுங்க எனக்கு மனசு வரவில்லை. ஹாஃப்மன் அந்தத் தொகுதியிலேயே குடியிருந்தவர் இல்லை, லேக் பிளாசிட்காரர். அவருக்காகச் செலவு செய்ததில் வாஷிங்டனில் இருக்கிற கிளப் ஃபார் குரோத் என்கிற வலதுசாரி அமைப்பு முக்கியமானது. வாட்டர்டவுன் பத்திரிகை ஆசிரியர் குழுவைப் பார்க்கப் போனபோது துணைக்குப் போனவர் டிக் ஆர்மி, டெக்சாஸ்காரர், பிரதிநிதிகள் சபையில் பழைய பெரும்பான்மைக் கட்சித் தலைவர். உள்ளூர் விஷயங்களைக் கேட்டால் வேட்பாளருக்குச் சரியாகப் பதில் வரவில்லை. கூடப் போன ஆர்மி, இதெல்லாம் குறுகிய வட்டாரக் கவலை என்கிற மாதிரி ஒதுக்கித் தள்ளினார். பக்கத்திலேயே ஃபோர்ட் டிரம் ராணுவ முகாம் இருக்கிறது, அங்கே பாதிப் பேர் பிழைப்பு அதை நம்பி. அந்த ஊர்ப் பத்திரிகைக்காரன் முன்னால் இப்படிப் பேசலாமா? வாடகைக்கு வீடு பார்க்கப் போனவன் வீட்டுக்காரரிடமே தெருவைப் பற்றிக் குறை சொன்ன கதை.

இன்னொன்று. 2008இல் அதே தொகுதியில் ஒபாமாவே முந்தியிருந்தார். அது கல்லில் செதுக்கிய ரிபப்ளிகன் தொகுதி என்று நினைத்ததே தப்புக் கணக்கு.

லாபம் என்ன என்று தம்பி கேட்டதற்கு: நவம்பர் 6 அன்று ஓவன்ஸ் பதவி ஏற்றார், நவம்பர் 7 அன்று சபையில் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டு மசோதா, 220க்கு 215. புது எம்பியின் ஓட்டு மசோதாவுக்கு ஆதரவாக. அவர் இடத்தில் ஹாஃப்மன் இருந்து எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தாலும் 219க்கு 216 என்று நிறைவேறியிருக்கும், ஆனால் எந்த மசோதாவை எதிர்த்து ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்களோ அதற்கே ஒரு ஓட்டைத் தங்கள் கையாலேயே தாரை வார்த்தார்கள். இதற்குப் பெயர் லாபமா?

---

சேப்பாக்கம் மாணவி எழுதியது:

கணக்குப்பிள்ளை சார், ஒரு தேர்தலை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அடுத்த தேர்தலில் நிற்கப்போகிற மற்றவர்கள் இதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசியுங்கள். இந்த எம்பி சீட் அவர்களுக்கு இரண்டாம்பட்சம், "எங்களைக் கேட்காமல் ஆளைப் போட்டால் தோற்கவும் தயார்" என்பதைக் காட்டியதுதான் முக்கியம். அது உறைத்தது. 2010 மே மாதம் யூட்டாவில் மூன்று முறை செனட்டராக இருந்த பாப் பென்னெட்டைக் கட்சி மாநாட்டிலேயே வெளியேற்றிவிட்டார்கள், மக்களிடம் போகவே விடவில்லை. அந்த மாநாட்டுக்கு வந்த சுமார் 3,500 பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தது தெருவுக்குத் தெரு நடந்த அக்கம்பக்கத்துக் கூட்டங்கள். 2008இல் வங்கிகளை மீட்கும் மசோதாவுக்கு ஓட்டுப் போட்டார் என்பதுதான் அவர் மேல் பெரிய குற்றச்சாட்டு. அவருக்குப் பதில் வந்த மைக் லீ சுலபமாக ஜெயித்தார். ஃபுளோரிடாவில் கவர்னர் சார்லி கிறிஸ்ட் கட்சியை விட்டே போனார், மார்கோ ரூபியோ வந்தார்.

எல்லா இடத்திலும் பலிக்கவில்லை என்பதும் உண்மை. டெலவேரில் மைக் காசிலைத் தோற்கடித்து கிறிஸ்டின் ஓடானலைக் கொண்டுவந்தார்கள், பொதுத் தேர்தலில் தோற்றுவிட்டார்கள். இண்டியானாவில் 2012இல் ரிச்சர்ட் லூகரைக் கழற்றிவிட்டு அந்த செனட் இடத்தையே ஜனநாயகக் கட்சியிடம் கொடுத்தார்கள்.

வெளிக்காசு என்பதற்கும் ஒரு பதில் இருக்கிறது, எரிக் கேன்டர். சபையில் பெரும்பான்மைக் கட்சித் தலைவர், சபாநாயகருக்கு அடுத்த இடம். 2014 ஜூன் 10, வர்ஜீனியா 7ஆம் தொகுதிப் பிரைமரி. எதிரே டேவ் பிராட் என்கிற பொருளாதாரப் பேராசிரியர். கேன்டர் தரப்பு செலவழித்தது 50 லட்சம் டாலருக்கு மேல், பிராட் சுமார் 2 லட்சம். கேன்டரின் பிரசாரக் கணக்கில் ஸ்டேக் ஹோட்டல் செலவு மட்டுமே ஒன்றரை லட்சம் டாலரைத் தாண்டியது! டீ பார்ட்டி பெயரில் இயங்கிய பெரிய தேசிய அமைப்புகள்கூட பிராடுக்குக் காசு தரவில்லை, ஜெயிக்க மாட்டார் என்று நினைத்துவிட்டார்கள். பிராட் 55 சதவீதத்துக்கு மேல் வாங்கினார். இதற்கு அறிகுறி மே மாதமே தெரிந்தது. தொகுதிக் கமிட்டித் தலைவர் தேர்தலில் கேன்டரின் ஆள் தோற்றார், கேன்டர் பேசும்போதே கூட்டத்தில் கூச்சல். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நம்ம ஊரில் ஏன் இல்லை என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் நம் தலைவர்களின் குணம் இல்லை, சட்டம். இங்கே சின்னம் வேண்டும் என்றால் கட்சித் தலைமை கையெழுத்திட்ட ஏ படிவமும் பி படிவமும் வேண்டும். அது இல்லாவிட்டால் நீங்கள் சுயேச்சை. அமெரிக்காவில் பிரைமரியில் ஜெயித்தவருக்குக் கட்சித் தலைமை சீட் இல்லை என்று சொல்ல முடியாது. அடுத்தது, 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம். கொறடா சொன்னபடி ஓட்டுப் போடாவிட்டால் இங்கே பதவி போகும். அதனால் நம் எம்பி மனதுக்குள் என்ன நினைக்கிறார் என்று வாக்காளர் ஆராய்வதற்கு அவசியமே இல்லை, எப்படியும் தலைமை சொன்ன பட்டனைத்தான் அழுத்தப் போகிறார். அங்கே ஒவ்வொருவரும் தன் இஷ்டப்படி ஓட்டுப் போடலாம். ஆகவே உள்ளே அனுப்புவதற்கு முன்னாலேயே "நீ யார் பக்கம்?" என்று சட்டையைப் பிடித்துக் கேட்கிறார்கள். ரைனோ என்கிற வசவுக்கு அங்கே அவ்வளவு கனம் இருப்பது இதனால்தான். இங்கே அதற்கு ஈடான வார்த்தையே இல்லை பாருங்கள், "துரோகி" என்றால் தலைவருக்குத் துரோகி என்றுதான் அர்த்தம், கொள்கைக்கு இல்லை.

---

வியாசர்பாடி பூத் எழுதியது:

தங்கச்சி படித்த மாதிரி எழுதியிருக்கிறது, எனக்கு அவ்வளவு தெரியாது. இருபத்திரண்டு வருஷமாக ஒரு கட்சியில் பூத் வேலை பார்க்கிறேன், எந்தக் கட்சி என்று கேட்க வேண்டாம், எல்லாம் ஒன்றுதான்.

இங்கே எப்படி என்றால் விருப்ப மனு வாங்கணும், பணம் கட்டணும், நேர்காணலுக்கு வெள்ளை வேட்டி சட்டையோடு போய் வரிசையில் நிற்கணும். உள்ளே கேட்கிற முதல் கேள்வியே எவ்வளவு செலவு செய்வாய் என்பதுதான் என்று போய்வந்தவர்கள் சொல்வார்கள். அப்புறம் பட்டியல் வரும் நாள் டிவி முன்னால் உட்கார்ந்திருப்போம். பட்டாசு வாங்கி வைத்தவன் பெயர் இருக்காது. தொகுதியே கூட்டணிக்குப் போயிருக்கும். பட்டியல் வந்த பிறகும் நிம்மதி இல்லை, 2016இல் அதிமுகவில் அறிவித்த பிறகும் தொகுதி தொகுதியாக ஆள் மாறிக்கொண்டே இருந்தது ஞாபகம் இருக்கும். காங்கிரஸில் 2021இல் ஒரு எம்பியே சத்தியமூர்த்தி பவனில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார், வேட்பாளர் தேர்வு சரியில்லை என்று.

ஆனால் தொண்டன் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைக்காதீர்கள். எங்களிடம் இருப்பது உள்ளடி. ஒரு தேர்தலில் எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். எங்கள் தெருப் பெயரைக்கூடத் தப்பாகச் சொன்ன மனிதர். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. பூத் ஸ்லிப் கட்டுக்கட்டாக ரப்பர் பேண்ட் போட்டு வந்தது, மன்றத்தில் கேரம் போர்டு கால் ஒன்று உடைந்திருந்ததால் அதன் கீழே முட்டுக் கொடுத்து வைத்தோம். சரியான உயரம். வேட்பாளர் கடைசி நாள் வந்து எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துக் கும்பிட்டார், அந்த போர்டு மேலேயேதான் டீ கிளாஸை வைத்தார். நாங்களும் "ஜெயிச்சாச்சு அண்ணே" என்றோம். எங்கள் பூத்தில் எப்போதும் முந்துகிற கட்சி அந்தத் தடவை பின்னால் போனது. மேலே இருப்பவர்கள் வேட்பாளர் சரியில்லை என்று எழுதிக்கொண்டார்கள், எங்கள் பெயர் எங்கேயும் வரவில்லை. அந்த அமெரிக்காக்காரர்கள் டிவியில் முகம் காட்டிச் செய்ததை நாங்கள் கேரம் போர்டுக்குக் கீழே செய்தோம், அவ்வளவுதான்.

வெளிப்படையாகச் செய்ததும் உண்டு. 2022 மார்ச்சில் நகராட்சி, பேரூராட்சித் தலைவர் தேர்தல்களில் கூட்டணிக்கு ஒதுக்கிய இடத்தில் திமுகக்காரர்களே சில ஊர்களில் நின்று ஜெயித்தார்கள். முதல்வர் உடனே அறிக்கை விட்டார், ராஜினாமா செய்துவிட்டு வந்து என்னைப் பாருங்கள் என்று. அங்கே கட்சியை மீறி நின்றவனுக்கு பேலின் வாழ்த்துச் சொல்கிறார், இங்கே ராஜினாமாக் கடிதம் கேட்கிறார்கள்.

---

கணக்குப்பிள்ளை 64 எழுதியது:

பூத் அண்ணன் எழுதியதுதான் இந்தத் திரியிலேயே சரக்கு.

கேன்டர் விஷயத்தில் மாணவி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், அங்கே காசு தோற்றது. ஆனால் முழுக் கதையும் சொல்ல வேண்டும். அதே பிராட் 2018இல் அபிகெயில் ஸ்பான்பெர்கர் என்கிற ஜனநாயகக் கட்சிப் பெண்மணியிடம் தோற்றார். ஹாஃப்மன் தோல்வியை ஒப்புக்கொண்டார், பிறகு ஒப்புக்கொண்டதை வாபஸ் வாங்கினார், பிறகு மறுபடி ஒப்புக்கொண்டார். 2010 பொதுத் தேர்தலில் மறுபடியும் கன்சர்வேட்டிவ் வரிசையில் அவர் பெயர் இருந்தது, ரிபப்ளிகன் வரிசையில் வேறொருவர், ஓட்டு பிரிந்தது, ஓவன்ஸ் மறுபடி ஜெயித்தார். நாடு முழுக்க ரிபப்ளிகன்கள் 63 இடம் கூடுதலாகப் பிடித்த வருஷத்தில்! ஒரு தடவை என்றால் பாடம் என்று சொல்லலாம், இரண்டாவது தடவைக்கு என்ன பெயர் வைப்பது?

---

பெருங்குடி நைட்ஷிப்ட் எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மாணவி அக்கா சொன்ன கொறடா விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. நேற்று ராத்திரி வந்த ஃபைலில் ஒரு பெண் ரேடியோவுக்கு போன் செய்து பேசுகிறார், பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கிறது. ஐம்பது வருஷமாக ரிபப்ளிகனுக்கே போட்டேனாம், 11 பேர் ஒரு அறையில் உட்கார்ந்து முடிவு செய்ததை நான் ஏன் கேட்கணும் என்கிறார். கருக்கலைப்பு பற்றி ஒரு வார்த்தை இல்லை, அவருக்குக் கோபமெல்லாம் அந்த அறை மேல்தான். நிகழ்ச்சி நடத்துகிறவர்தான் திரும்பத் திரும்பக் கொள்கைக்கு இழுக்கிறார், அந்தம்மா மறுபடியும் அறைக்கே வருகிறார். சிரக்யூஸ் அண்ணா, அப்போது பிரைமரி வைத்திருந்தால் இவ்வளவு பிரச்சினை வந்திருக்காதா?

---

சிரக்யூஸ் ரிட்டர்ன் எழுதியது:

ஸ்கோசாஃபாவா பிரைமரியிலேயே தோற்றிருக்கலாம், அல்லது ஜெயித்து வந்திருந்தால் அந்தப் பாத்திரம் கழுவிய அம்மா முணுமுணுத்துக்கொண்டே போட்டிருப்பார். எது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் என் ஆபீஸ் கிழவர் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான், "என்னைக் கேட்டுவிட்டுத் தோற்றிருந்தால் பரவாயில்லை". அவர் ஹாஃப்மனுக்குத்தான் போட்டார். ஹாஃப்மன் எந்த ஊர்க்காரர் என்று கேட்டேன், தெரியாது என்றார்.

---

வியாசர்பாடி பூத் எழுதியது:

ஒரு சந்தேகம் சார். அங்கே பூத் ஏஜென்ட்டுக்கு மதியச் சாப்பாடு யார் கொடுப்பார்கள், கட்சியா வேட்பாளரா?

---

சிரக்யூஸ் ரிட்டர்ன் எழுதியது:

அண்ணே, நான் பார்த்த பூத் ஒரு பள்ளிக்கூட ஜிம். கட்சிக்காரர் என்று உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி வீட்டிலிருந்து கொண்டுவந்த சாண்ட்விச்சைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

---

வியாசர்பாடி பூத் எழுதியது:

சொந்த சாண்ட்விச்சா? அப்போ அந்தம்மா கேள்வி கேட்கத்தான் செய்யும்.